மச்சினனுக்கு பிரஷர் 95/60

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்று விட்டாச்சு என்றது சந்தோஷம். மச்சினன் மாற்றுக் கிட்னிக்குப் பதிந்து காத்திருக்கிறான், டயாலிசிஸுக்கு உட்காரும்போதே பிரஷர் 95/60தான், அது நல்லதுதானே என்று கேட்டிருக்கிறாய். இந்த விஷயத்தில் நல்லதில்லை மாப்பிள்ளை.

கீழ் எண்ணோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சராசரி அழுத்தம். அவனுக்கு 72. நல்ல கிட்னி, சராசரி 80க்கு மேல் இருக்கும் வரை, தன் ரத்தக் குழாயைச் சுருக்கியோ விரித்தோ வேண்டிய ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஐஸில் பல மணி நேரம் கிடந்து வந்த கிட்னிக்கு அந்தத் திறன் சில நாள் இருக்காது. இடுப்பில், காலுக்குப் போகும் குழாயில்தான் அதை இணைப்பார்கள். ரத்தத்தை நிறுத்திப் பிடித்திருக்கும் கிளாம்பை எடுத்ததும் அங்கே உள்ள அழுத்தம்தான் அதற்கு வரும் ரத்தம். வாய்க்காலில் மட்டம் தாழ்ந்தால் மேட்டு மடைக்குத் தண்ணீர் ஏறுமா? போதாததற்கு, கிட்னியை உடம்பு தள்ளாமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸும் குழாயைச் சுருக்கும். அதனால்தான் மயக்க டாக்டர் அந்த நேரத்தில் சராசரியை 80, 90க்குக் கொண்டுவரப் பாடுபடுவார். வராவிட்டால் மூத்திரம் இறங்கத் தாமதமாகி, முதல் வாரமே மறுபடி டயாலிசிஸ். அபூர்வமாக, குழாயில் ரத்தம் உறைந்து கிட்னியே போய்விடும். சலைனை மட்டும் ஏற்றிச் சமாளித்தால், இதயம் பலவீனமானவனுக்கு நுரையீரலில் நீர் கோக்கும்.

ஆகவே ஏன் குறைகிறது என்று இப்போதே பார்க்க வேண்டும். எனக்கு முதல் சந்தேகம் டிரை வெயிட், அதாவது மிகை நீரெல்லாம் போனபின் இருக்க வேண்டிய எடை, அதன் மேல்தான். சதை போட்டிருந்தும் பழைய எடைக்கே நீரை இழுக்கிறார்களோ? கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் போகக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்தில் 3 லிட்டர்தான். பழைய பிரஷர் மாத்திரை இன்னும் ஓடுகிறதா பார். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து இதயத் துடிப்பின் பலம், இதயத்தைச் சுற்றி நீர் இரண்டையும் பார்க்கச் சொல். சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தாலும் இப்படி விழும். பிரஷரை ஏற்றும் மாத்திரையான மிடோட்ரின் கொடுத்தால் எண் ஏறும், காரணம் அப்படியே இருக்கும். அந்த மாத்திரையோடு ஆபரேஷனுக்குப் போனவர்களுக்குப் பிந்தைய சிக்கல் அதிகம்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் ஃபிஸ்டுலா கையில் பிரஷர் பார்க்க விடாதே. தினம் காலையில் அங்கே அதிர்வு தெரிகிறதா என்று தொட்டுப் பார்க்கட்டும். பிரஷர் தாழ்ந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும். கிட்னி வந்திருக்கிறது என்று அழைப்பு வரும் நாளில், அதற்கு முன் டயாலிசிஸ் செய்தால் டிரை வெயிட்டுக்குக் கீழே இழுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் ஞாபகப்படுத்து.

நோம்பிக்கு வரும்போது பேசலாம் என்று தள்ளாதே. போன மாத டயாலிசிஸ் நோட்டில் முன்பின் எடை, பிரஷர், இழுத்த நீர் இருக்கும் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை