பெருந்தொற்றிலும் புற்றுநோய்ப் பரிசோதனை நிற்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா முதல் அலையில் நாம் அடைந்த இழப்புகளில் ஒன்று இன்றுவரை போதிய அளவு பேசப்படவில்லை. 2020 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களில், நாடெங்கும் உள்ள 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிவு செய்த நோயாளிகளின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 விழுக்காடு குறைந்தது என்று லான்செட் ஆன்காலஜி இதழில் 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனையோ, 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மையங்களில் அடியோடு நின்றது அல்லது கால்பங்குக்கும் கீழே சுருங்கியது. அந்த மாதங்களில் வராமல் போனவர்களின் உடலில் நோய் காத்திருக்கவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்பதைத் தெளிவாகக் காட்டியது எங்கள் மாவட்டத்தில் நடந்த ஆய்வு. 2007இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால் அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்படலம் தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதுதான் பரிசோதனை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதைச் செய்துவிடலாம்.

வெண்படலம் தெரிந்த பெண்ணை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பி, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, நோய் உறுதியானால் மதுரைக்கு அனுப்ப வேண்டும். ஊரடங்கில் அறுந்துபோனது இந்தத் தொடர்தான். செவிலியர்கள் காய்ச்சல் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள், பேருந்துகள் நின்றன, மாவட்டம் தாண்டுவதற்கு இ-பாஸ் கேட்கப்பட்டது. வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நூற்பாலைத் தொழிலாளி இணையத்தில் விண்ணப்பித்து, வாடகைக் கார் பிடித்து மதுரைக்குப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தது எந்த விதத்தில் நியாயம்?

பொது முகாம்களைச் சில வாரங்கள் தள்ளிவைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கருப்பைவாயில் தோன்றும் முன்மாற்றங்கள் புற்றுநோயாக முற்றப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தப்போக்கு உள்ளவர், மார்பில் கட்டி தென்பட்டவர், வாயில் ஆறாத புண் உள்ளவர், ஏற்கெனவே பரிசோதனையில் ஐயத்துக்குரியவர் என்று குறிக்கப்பட்டவர் ஆகியோரைக் காத்திருக்கச் சொல்லக் கூடாது. இவர்களின் பட்டியல் வட்டார அளவில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஊரடங்கு அறிவித்த மறுநாளே அவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவும், அரசு வாகனத்தில் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடவும் ஆள் வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சிறு குழுவாவது, எந்த நெருக்கடியிலும் வேறு பணிக்கு மாற்றப்படாமல், இதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸைக் கண்டறிய, பெண்கள் தாங்களே வீட்டில் மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டுள்ளது. கூச்சத்தால் முகாமுக்கு வர மறுக்கும் பெண்களுக்கும் இது உதவும் என்பது என் நம்பிக்கை. காசநோய்க்கும் கொரோனாவுக்கும் பயன்பட்ட ட்ரூநாட் கருவியிலேயே இந்தச் சோதனையையும் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகச் செல்கிறார்கள். மாதிரிக் குப்பியை அவர்கள் வழியாகவே கொடுத்து வாங்க முடியும்.

2023இல் ஈரோடு, திருப்பத்தூர், கன்னியாகுமரி, ராணிப்பேட்டை மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய் கண்டறியும் திட்டத்தை மனமார வரவேற்கிறேன். அடுத்த தொற்று வந்தால் அது எப்படி நடக்கும், யார் பொறுப்பு, எந்த வாகனம், எந்த ஆய்வகம் என்பதை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எழுத்துப்பூர்வமாக இப்போதே வகுத்து வெளியிடும்படி மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.