அரபி எழுத்தைப் பிரிக்காமல் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 18 அரபு மொழி நாளுக்காக உங்கள் இணைப்பிதழில் வந்த அறிமுகக் கட்டுரை படித்தேன். 1973-இல் அதே தேதியில் ஐ.நா. அரபியை அலுவல் மொழியாக ஏற்றது, 28 எழுத்துகள், வலமிருந்து இடமாக எழுதுவது, எல்லாம் சரி. ஆனால் தலைப்புக்கு மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ‘மர்ஹபா’ (வரவேற்புச் சொல்) கண்ணை உறுத்தியது. எழுத்துகள் தனித்தனியாக, அதுவும் வரிசை மாறிக் கிடந்தன. அரபி தெரிந்தவர் அதை ‘அபஹ்ரம்’ என்றுதான் படிப்பார்.

ஷார்ஜாவில் கடை போர்டுகளுக்கு டிசைன் செய்து பிழைத்தவன் நான். அங்கே இப்படி ஒரு போர்டு போனால் கடைக்காரர் காசு தரமாட்டார். அரபியில் அச்சிலும் எழுத்துகள் சேர்ந்துதான் வரவேண்டும். ‘ஹா’ தனியாக நின்றால் கீழே பெரிய வளைவு இருக்கும். சொல்லின் நடுவில் வந்தால் வளைவு போய்த் தலை மட்டும் மிஞ்சும். அலிஃப், தால், ரா, வாவ் உள்ளிட்ட ஆறு எழுத்துகள் மட்டும் தனக்கு முந்தியதோடு ஒட்டும், அடுத்ததோடு ஒட்டாது. அதனால் ‘மர்ஹபா’ இரண்டு துண்டாக வரும்: மீமும் ராவும் ஒன்று, மீதி ஹா, பா, அலிஃப் மூன்றும் ஒன்று. ஐந்து துண்டாக வரவே வராது. தமிழில் ‘கொ’வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தால் விடுவோமா?

இன்னொரு வேடிக்கை, எண்களை மட்டும் அங்கேயும் இடமிருந்து வலமாகத்தான் படிக்கவேண்டும். அவர்களுடைய ஐந்து நம் பூஜ்யம் மாதிரி இருக்கும், பூஜ்யம் வெறும் புள்ளி. புதிதாகப் போனவர்கள் பில்லைப் பார்த்து முழிப்பார்கள்.

இது பெரும்பாலும் சாஃப்ட்வேர் கோளாறு. பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ தேர்ந்தெடுத்து, அரபி ஃபான்ட் போட்டால் எழுத்துகள் தானே சேர்ந்துகொள்ளும். அச்சுக்குப் போகுமுன் பக்கத்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு தடவை காட்டிவிட்டால் இன்னும் நல்லது.

அப்புறம், காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் தமிழையே அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அரபியில் இல்லாத ங, ஞ, ண, ப (‘படம்’ என்பதில் வரும் ப; ‘மர்ஹபா’வில் வருவது வேறு ஒலி) ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்து அவர்கள் புது எழுத்தே செய்துகொண்டார்கள். அதைத் தனிக் கட்டுரையாகப் போடுங்கள்.

– ஒரு வாசகர், ராமநாதபுரம்