உள்ளே போடுவதை முதலில் வாங்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

குளிர்ந்த நீரில் டைவ் செய்ய நீ வாங்கப்போகிற டிரைசூட், அதாவது தண்ணீர் புகாத முழு உடை, அதன் மூன்று படங்களையும் பார்த்தேன். நிறம், பாக்கெட் எல்லாம் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உள்ளே என்ன போடப்போகிறாய் என்று ஒரு வரி இல்லை. அந்தப் படங்களை ஓரமாக வை, முதலில் அதைப் பேசுவோம்.

டிரைசூட் தண்ணீரைத்தான் தடுக்கும். குளிரைத் தடுப்பது அதன் வேலை இல்லை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் வெப்பத்தைக் கடத்திவிடும். உன்னைக் காப்பது டிரைசூட்டுக்கு அடியில் போடும் கதகதப்பு உடை, அந்த உள்ளாடையின் இழைகளுக்குள் அசையாமல் நிற்கிற காற்று. அதனால் உள்ளாடையை முடிவு செய், பிறகு அது அடங்குகிற மாதிரி டிரைசூட்டைத் தேடு.

உடம்பை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, இல்லாவிட்டால் பாலியெஸ்டர். பருத்தி மட்டும் வேண்டாம்; வியர்வையைக் குடித்துக்கொண்டு கடைசிவரை ஈரத்துணி சுற்றிய மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் பிளீஸ் என்கிற பொசுபொசு செயற்கைத் துணி, அல்லது தின்சுலேட் என்கிற மெல்லிய செயற்கை இழை நிரப்பிய உடை. சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். தண்ணீர் 10 முதல் 15 டிகிரி என்றால் 200 கிராம் போதும். அதற்குக் கீழே 400-க்குப் போ. 5 டிகிரிக்குக் கீழே 400-உடன் ஒரு கையில்லாச் சட்டையும் சேர்த்துக்கொள். இது ஆரம்பக் கணக்குதான். உனக்குக் கைகால் சீக்கிரம் சில்லிடும், ஒரு படி கூட்டியே வை.

மலையேறுகிறவர்கள் போடும் இறகு ஜாக்கெட்டை உள்ளே போடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. ஆழத்தில் அழுத்தம் வந்ததும் இறகு அப்பளமாகத் தட்டையாகிவிடும். கொஞ்சம் ஈரம் பட்டால் கட்டிகட்டியாகத் திரண்டுகொள்ளும். தின்சுலேட் அழுத்தத்தையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும். விலை கூடுதல், ஆனால் கொடுக்கலாம்.

இப்போது டிரைசூட். டிரைலாமினேட், அதாவது மூன்று அடுக்கு ஒட்டிய துணி, மெல்லிசு, சீக்கிரம் காயும், எந்த ஆழத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் தன்னளவில் கதகதப்பே கிடையாது. நுரை நியோப்ரீன் என்கிற நுரை ரப்பருக்குக் கொஞ்சம் கதகதப்பு உண்டு, ஆழம் போகப்போக நுரை நசுங்கி அதுவும் குறையும். வெவ்வேறு குளிரில் இறங்கப்போகிற உனக்கு டிரைலாமினேட்தான் சரி. உள்ளாடையை மாற்றினால் போதுமே.

போட்டுப் பார்க்கும்போது இருப்பதிலேயே தடித்த உள்ளாடையோடு போ. குந்தி உட்கார். இரண்டு கையாலும் உன்னையே கட்டிக்கொள். பின்கழுத்துக்குப் பின்னால் கையை நீட்டி, சிலிண்டர் வால்வைத் தொடுகிற மாதிரி செய்து பார். தோளிலும் முழங்காலிலும் இழுத்துப் பிடித்தால், அந்த இடத்தில் உள்ளாடை நசுங்கி அங்கேதான் முதலில் குளிரும். தொளதொளவென்று இருந்தாலும் ஆபத்து: ஆழத்தில் உடை உடம்பை நசுக்காமலிருக்க நீ உள்ளே விடுகிற காற்று இஷ்டத்துக்கு ஓடும். தலை கீழாகச் சாய்ந்தால் காற்று காலுக்கு ஏறிவிடும். காற்றை வெளியேற்றும் வால்வு இடது தோளருகே இருக்கிறது. அப்போது அது கீழே போய்விடுவதால் வெளியேற்ற வழியில்லை, நீ பலூன் மாதிரி மேலே போய்விடுவாய். அந்த நேரத்தில் முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, உருண்டு நிமிர்ந்து, இடது முழங்கையை உயர்த்தி வெளியேற்று. ஆறு மீட்டருக்குள்ளேயே பழகிக்கொள்.

சீல்களில், அதாவது கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் நுழையாமல் இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளில், கொஞ்சம் நிதானி. லேடெக்ஸ் நன்றாக இழுபடும், ஆனால் வெயிலும் எண்ணெய்ப் பசையும் அதைத் தின்றுவிடும், சின்னக் கீறல் விழுந்தாலும் கிழிந்துபோகும். நியோப்ரீன் உழைக்கும், லேசாகக் கசியும். சிலிகான் உறுத்தாது, சாதாரணப் பசை ஒட்டாததால் அதை வளையத்தில் மாட்டித்தான் போடவேண்டும், கிழிந்தால் நீயே மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் நல்ல பக்கம்.

உன் மணிக்கட்டைத் திருப்பிப் பார். கையை இறுக்கி மூடினால் உள்பக்கம் இரண்டு தசைநார்கள் கயிறு மாதிரி எழும், நடுவில் ஒரு பள்ளம் விழும். கேமராவையோ கயிற்றையோ இறுக்கிப் பிடிக்கும்போது தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகத்தான் நுழையும். சீல் மணிக்கட்டு எலும்பைத் தாண்டி, முன்கை பக்கமாக ஏறி உட்கார்ந்தால் பாதிக் கசிவு நின்றுவிடும். கழுத்து இறுக்கமாக இருந்தால் சகித்துக்கொள்ளாதே: கழுத்து நாளம் அழுந்தினால் தலை சுற்றும், மயக்கமே வரலாம். லேடெக்ஸாக இருந்தால் கூரான கத்தரியால் ஒரு வளையம் மட்டும் வெட்டு, போட்டுப் பார், பிறகு அடுத்தது. கத்தரியை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெட்டு. நடுவில் நிறுத்தினால் பிசிறு விழும், கிழிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வாசனையில்லாத டால்க் பவுடர் மட்டும் தடவு. ஒரு முடி உள்ளே மாட்டினாலும் கசியும், உன் கூந்தலைக் கவனி.

டைவ் முடிந்து கழற்றியதும் உள்ளாடையைத் தொட்டுப் பார். எங்கும் ஒரே மாதிரி ஈரமென்றால் வியர்வை. ஒரு இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் ஓட்டை.

காலுக்கு இரண்டு ஜோடி தடித்த காலுறை திணிக்காதே. ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் சில்லிடும். பூட்ஸோடு போட்டுப் பார்த்துத்தான் ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வாங்கு, பழையது நுழையாது. கைக்கு வளையத்தோடு வரும் உலர் கையுறை நல்லது. மணிக்கட்டு சீலுக்கு அடியில் ஒரு சின்னக் கயிற்றை விட்டால் காற்று கையுறைக்குள்ளும் போகும், கை நசுங்காது. ஆனால் கையுறை கிழிந்தால் அதே வழியில் தண்ணீர் டிரைசூட்டுக்குள் வரும் என்பதை மறக்காதே.

ஆழமான டைவுக்கு மூச்சுவிட ஹீலியம் சேர்த்த ட்ரைமிக்ஸ் கலவையை டிரைசூட்டுக்குள் அடிக்காதே. ஹீலியம் வெப்பத்தைக் காற்றைவிட ஆறு மடங்கு கடத்தும்.

பேட்டரியால் சூடாகும் சட்டை பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் கடற்படையின் சோதனை டைவிங் பிரிவு 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆழத்தில் குளிர்ந்த நீரிலும் ஏறும்போது வெதுவெதுப்பிலும் இருந்தவர்களைவிட, ஆழத்தில் வெதுவெதுப்பாக இருந்து ஏறும்போது குளிரில் நின்றவர்களுக்கு அழுத்த நோய் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழாவதால் வருவது) கூடுதலாக வந்தது. வெதுவெதுப்பில் ரத்தம் நன்றாக ஓடி நைட்ரஜனை அதிகம் ஏற்றிக்கொள்ளும்; பிறகு குளிரில் ஓட்டம் சுருங்கி அதை வெளியே விடாது. கீழே சட்டையின் சூட்டைக் குறைத்து வை, ஏறும்போது கூட்டு. பாதி வழியில் பேட்டரி தீர்ந்துபோவதுதான் மிக மோசம்.

உள்ளாடை மாறும்போதெல்லாம், மூழ்குவதற்குக் கட்டும் ஈய எடையைப் புதிதாகப் பார்: சிலிண்டரில் சுமார் 50 பார் அழுத்தம் மட்டும் மிச்சமிருக்கும்போது, டிரைசூட்டில் காற்று குறைவாக இருந்தும், 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று. டிரைசூட்டுக்குள் காற்றைச் சின்னச் சின்னத் தட்டலாகவே விடு. நீளமாக அழுத்தினால் காற்றை உள்ளே விடும் வால்வு உறைந்து திறந்தபடியே நின்றுவிடும். நின்றுவிட்டால் நெஞ்சில் அந்த வால்வோடு இணைந்திருக்கும் காற்றுக் குழாயைக் கழற்றவேண்டும். அந்தத் தடித்த கையுறையோடு உனக்கு அது கழல்கிறதா என்று கரையிலேயே பத்துமுறை செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா