தங்கக் குரங்கும் ஒரு ஹெக்டேர் காடும்

செல்வி,

உன் மெசேஜ் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத. அம்மா முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம்தான் நிம்மதியாச்சு, அவங்கள மாடிப்படி ஏற விடாத.

போன ஞாயித்துக்கிழமை இங்க பிரேசில்ல ரியோவுல இருந்து சில்வா ஜார்டிம்ங்கற ஊருக்கு போயிட்டு வந்தேன். அங்க தங்கக் கலர்ல பிடரி முடி வச்ச குட்டிக் குரங்கு இருக்கு, உலகத்துலயே இந்த ரியோ மாநிலத்துக் காட்டுல மட்டும்தான் இருக்கு, 1970கள்ல ஒரு 200தான் மிச்சம்னு சொன்னாங்க, 2023 கணக்கெடுப்புல 4,800 வரைக்கும் வந்திருக்கு. அதுங்க ரோட்டைத் தாண்ட ஹைவேக்கு மேல பாலம் கட்டி மரம் நட்டு வச்சிருக்காங்கடி, பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா காடு துண்டு துண்டா கிடக்கு, நடுவுல எல்லாம் மாடு மேயுது, நிறைய துண்டு தனியார் பண்ணைக்குள்ள. இந்தப் பக்கம் பண்ணை வச்சிருக்கறவங்க நிலத்துல 20 சதவீதம் காடா விடணும்னு சட்டம் இருக்கு (அமேசான் காட்டுல 80). 2012ல வந்த சட்டப்படி, 2008 ஜூலைக்கு முன்னாடியே வெட்டிட்டவங்க திரும்ப நடலாம், தானா வளர விடலாம், இல்ல காடு அதிகமா வச்சிருக்கற இன்னொருத்தர்கிட்ட ஹெக்டேருக்கு ஒரு பத்திரம்னு காசு குடுத்து வாங்கி ஈடு கட்டலாம். யோசிச்சா நியாயமாத்தான் இருக்கு, நல்லா விளையற கரும்புக் கொல்லைய அழிச்சு மரம் வைக்கறதுக்கு ஆகற நஷ்டத்துல கொஞ்சம் குடுத்தாலே போதும், எங்கயோ ஒரு காடு நிக்கும், வெட்டாம வச்சிருக்கறவருக்கும் வருமானம்.

என் மனசு ஒப்பாதது எங்கன்னா, ஈடு கட்ட ரெண்டு இடமும் ஒரே பயோமா, அதாவது ஒரே வகையான பெரிய இயற்கை மண்டலமா, இருந்தா போதும்னு சட்டம் சொல்லுது, இந்தக் குரங்கு இருக்கற பயோமான அட்லாண்டிக் காடுன்னா வடகிழக்குல இருந்து தெற்குக் கோடி வரைக்கும் நீண்டு கிடக்கு, இங்க குறைஞ்ச காட்டுக்கு தூரத்துல ஒரு மலைச் சரிவுக்கு காசு கட்டினா கணக்கு நேராயிடும், ஆனா இந்தக் குரங்கு அங்க எப்படி போகும்? அதுவும் செங்குத்தா இருக்கற சரிவை எப்படியும் யாரும் வெட்டப் போறதில்ல, அதுக்கு குடுக்கற காசுல புதுசா எந்தக் காடும் தப்பிக்கல. 2018ல இந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டே பயோம் மட்டும் பாத்தா போதாது, ரெண்டு இடத்துக்கும் இயற்கையில ஒத்துமை இருக்கணும்னு சொல்லுச்சு, அதுக்கப்புறமும் வழக்கு இழுத்துக்கிட்டே போச்சு. விலை கூடினாலும் பரவால்ல, அதே ஆத்துப் படுகைக்குள்ளதான் மாத்திக்கணும்னு வச்சா அந்தப் பணம் இந்தத் துண்டுகள ஒட்ட வைக்குமேடி.

போட்டோ அனுப்பறேன், ரெட்டைக் குட்டிய முதுகுல சுமந்துட்டு போறது அப்பன் குரங்கு, அம்மாகிட்டயும் காட்டு.

உன்
வசந்தி