வளையம் வராத சோதனைக் குழாய்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். முதுகலை ஆசிரியராக நீ பணியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், பள்ளியின் வேதியியல் ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது என்றும், செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது திறந்தால் போதும் என்று அங்கே சொல்கிறார்கள் என்றும் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளி ஆய்வக உதவியாளராகப் பியூரெட் கழுவி, உப்புகளைப் பொட்டலம் கட்டி எண்ணிட்டு வைத்தவன் நான். வேதியியலை உன்னைப் போல் பட்டம் பெற்றுப் படிக்கவில்லை. பிள்ளைகள் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடத்துச் செய்முறைத் தேர்வைப் பற்றி உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. கொடுத்த உப்பில் நைட்ரேட் இருக்கிறதா என்று காட்டும் பழுப்பு வளையச் சோதனைக்கு, ஃபெர்ரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பின் கரைசலை அன்றன்றே கரைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நாள்பட நின்றால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இரும்பை ஃபெர்ரிக் என்ற வேறு நிலைக்கு மாற்றிவிடும், வெளிர்பச்சை மஞ்சளாகிவிடும், பிறகு வளையம் வராது. வேலை நெருக்கடியில், முந்தைய வாரம் கரைத்து மீந்திருந்ததையே மேசைகளில் வைத்துவிட்டேன். அது என் பிழை. ஆனால் நைட்ரேட் உப்பு கிடைத்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, "பழுப்பு நிற வளையம் தோன்றுகிறது" என்று எழுதிக்கொண்டே போனார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும் அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவரோரமாக மெல்ல வழியவிட்டு, இரண்டு திரவங்களும் சேரும் இடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "சார், செப்புத் துருவல் போட்டுச் சூடாக்கியபோது நைட்ரேட்டுக்குரிய செம்பழுப்புப் புகை வந்தது. வளையம் மட்டும் வரவில்லை. நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள்.

தேர்வாளரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் அனுமதியோடு புதிதாகக் கரைத்துக் கொடுத்தேன். இம்முறை வளையம் வந்தது. அவள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. மற்றவர்கள் வராத வளையத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியதையும் மறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். உப்பின் பெயரை முதலில் தெரிந்துகொண்டு சோதனையைப் பிறகு எழுதும்படி நாங்கள்தான் அவர்களைப் பழக்கியிருந்தோம்.

அப்போது வேதியியலின் 200 மதிப்பெண்ணில் செய்முறைக்கு 50. இப்போது 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கே 70 போய்விடுகிறது. நீட் தேர்விலோ சோதனைக் குழாயைக் கையில் எடுக்கவே வேண்டியதில்லை. 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதால், உன் மாணவர்கள் கேள்வி வங்கியையே கட்டிக்கொண்டு அழுவதை நான் தவறென்று சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு பிரிவேளைகளையாவது அவர்களுக்காக நீ கேட்டு வாங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பியூரெட்டிலிருந்து துளித்துளியாகப் பெர்மாங்கனேட் விட்டு அளவறியும் தரம் பார்த்தலில், அதுவரை விழுந்த உடனே நிறமற்றுப்போன துளிகளுக்குப் பிறகு, ஒரே ஒரு துளியில் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாக நின்றுவிடுவதைத் தன் கையால் குலுக்கிப் பார்த்த பிள்ளைக்கு, முடிவுநிலை என்றால் என்னவென்று நீ கரும்பலகையில் எழுதிப் போட வேண்டியதில்லை. அளவீடு ஒத்து வராவிட்டால், வந்ததையே எழுதச் சொல். அடித்துத் திருத்திய நோட்டுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதே.

தலைமையாசிரியரிடம் சாவியை வாங்கியதும் எழுது. ஃபெர்ரஸ் சல்பேட் கரைக்கும்போது நீர்த்த கந்தக அமிலம் சில துளிகள் சேர்த்துக்கொள். வெள்ளி நைட்ரேட் பழுப்புப் பாட்டிலில்தான் இருக்கிறதா என்று பார். அமிலப் பாட்டில்கள் மேல் தட்டில் இருந்தால் கீழே இறக்கி வைக்க வேண்டும். அதை நீ தனியாகச் செய்யாதே. பெயர்ச்சீட்டு உதிர்ந்த பாட்டில் எதையும் நான் வரும்வரை திறக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமை காலை வண்டிக்குப் புறப்பட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா