என் மூன்றும் எட்டும்

அன்புள்ள சேது,

எட்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் இதற்குள் சுந்தரியிடம் திட்டித் தீர்த்திருப்பாய் என்று தெரியும். இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி அப்படியே இருக்கிறது. எங்கள் பிரிவுத் தலைவர் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை, ஆகவும் மாட்டார். நலவிசாரணை முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன். படித்துவிட்டு நீ சிரிக்கப் போகிறாய். சிரி, ஆனால் கடைசிவரை படி.

கடலில் இருக்கும் எண்ணெய்த் தளங்களுக்கு ஹெலிகாப்டரைச் செயற்கைக்கோள் வழிகாட்டலில் இறக்கிப் பார்க்கும் சோதனையில் இருக்கிறேன் என்று போன வருஷமே சொன்னேனல்லவா? காக்பிட்டுக்குப் பின்னால் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, போக வேண்டிய பாதையிலிருந்து விலகுகிறோமா என்று காட்டும் ஊசி எவ்வளவு ஆடுகிறது என்று பதிவு செய்வதுதான் என் வேலை. 'பின்சீட்டு விஞ்ஞானி' என்று நீ வைத்த பெயர் இங்கேயும் எப்படியோ பரவிவிட்டது.

பனிமூட்டத்தில் இத்தனை வருஷமாக எப்படி இறங்குகிறார்கள் தெரியுமா? மழையைப் பார்க்கச் செய்த ரேடாரை வைத்து! திரையில் தெரியும் ஒரு பொட்டுதான் தளம் என்று முடிவு செய்து, காற்றை எதிர்த்து அதை நோக்கிப் போவார்கள். பகலில் 200 அடி, இரவில் 300 அடி வரை இறங்கலாம். முக்கால் கடல்மைல் தூரத்துக்கு வருமுன் தளம் கண்ணில் பட்டாக வேண்டும், இல்லையென்றால் திருப்பிக்கொண்டு மேலே போய்விட வேண்டும். முக்கால் கடல்மைல் என்றால் சுமார் 1,400 மீட்டர். 70 நாட் (மணிக்கு 70 கடல்மைல்) வேகத்தில் நாற்பது விநாடிகூட ஆகாது. அந்தப் பொட்டு தளம்தானா, பக்கத்தில் நிற்கும் கப்பலா என்று ரேடார் சொல்லாது.

அதனால்தான் ஜிபிஎஸ்ஸும் அதைத் திருத்தும் எக்னாஸ் என்ற ஐரோப்பிய ஏற்பாடும். தரைநிலையங்கள் ஜிபிஎஸ் சமிக்ஞையை அளந்து பிழையைக் கணக்கிடும், 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாக அந்தத் திருத்தம் நமக்கு வரும். வடகடல் பக்கம் அந்தச் செயற்கைக்கோள் வானத்தில் தாழ்வாகத்தான் தெரியும், ஆகவே தளத்தின் இரும்பு மறைக்குமோ, சமிக்ஞை பட்டுத் தெறிக்குமோ என்று ஆரம்பத்தில் பயந்தேன். எங்கள் பதிவுகளில் அது பெரிய தொல்லையாகவே இல்லை. ஊசி ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. சமிக்ஞை கெட்டால் ஆறு விநாடிக்குள் எச்சரிக்கையும் வந்துவிடும். நான் எவ்வளவு குதித்தேன் என்று உனக்கே தெரியும், அந்த ஐந்து பக்கக் கடிதத்தை நீ இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன்.

நல்ல வெயில். சோதனையெல்லாம் இப்படிப்பட்ட நாளில்தான். ஒரு பைலட்டுக்கு வெளியே தெரியாதபடி கண்மறைப்பு மாட்டிவிடுவோம், மற்றவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். மேற்குக் காற்று, மேற்கு நோக்கிப் போகிறோம். நேராகத் தளத்தின் மேல் போய் மோதிவிடக் கூடாதென்று பாதையைத் தளத்துக்கு வலப்புறம் கொஞ்சம் தள்ளித்தான் போட்டிருக்கிறோம், எனவே தளம் இடப்பக்கம் வர வேண்டும். என் திரையில் ஊசி நட்டநடுவில். இப்படி ஒரு அழகான ஓட்டம் இதுவரை பதிவானதில்லை என்று குறிப்பு வேறு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு மைலில் ரேடாரைப் பார்த்தவர், "இடப்பக்கம்தான் வரணும், ஆனா இவ்வளவு தள்ளியா?" என்றார். கண்மறைப்பை எடுத்தோம். தளம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட விலகி நின்றது.

தளம் எங்கேயும் போகவில்லை. தளம் இருக்கும் இடத்தின் எண்களை நான் தாளில் எழுதித் தர, பைலட் அதைப் பார்த்துத்தான் இலக்கைப் போடுவார். அதன் அட்சரேகையில் நிமிடத்தின் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) முதல் தசம இலக்கம் 3. தாளில் நான் எழுதியது 3. பைலட் படித்தது 8. அரை நிமிடம், அதாவது 926 மீட்டர்.

சிரித்துவிட்டாயா? இயற்பியல் ரெக்கார்டில் என்னைப் பார்த்து எழுதி நீ மாட்டிக்கொண்ட அதே மூன்றுதான்டா. முப்பது வருஷமாகியும் அதன் வாய் மூடியே இருக்கிறது.

இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சரிபார்த்தார்கள். இருவரும் அதே தாளைப் பார்த்தார்கள், இருவருக்கும் எட்டாகவே தெரிந்தது. செயற்கைக்கோளும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, நாங்கள் சொன்ன இடத்துக்குத் துல்லியமாகக் கொண்டுபோனது. அந்த ஆறு விநாடி எச்சரிக்கை என் கையெழுத்துக்குக் கிடையாது.

அன்று இரவு தூங்கவில்லை. பிழை வடக்குப் பக்கம் விழுந்ததால் வெறும் கடலுக்கு மேல் போனோம். அதே பிழை கொஞ்சம் சின்னதாகத் தெற்குப் பக்கம் விழுந்திருந்தால், தள்ளிப் போட்ட பாதை நேராகத் தளத்துக்குள் போயிருக்கும். 200 அடியில் வருகிறவனுக்குத் துரப்பணக் கோபுரம் தலைக்கு மேலே நிற்கும். நீ அனுப்பிய அந்த விசாரணை அறிக்கையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். 2009 பிப்ரவரி 18, வடகடலின் ஈடாப் எண்ணெய்த் தளம், இரவு, மூடுபனி, கடலில் விழுந்த இசி225 ஹெலிகாப்டர். பதினெட்டுப் பேரும் பிழைத்தார்கள். தளத்தின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்தும், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதில் பைலட்டுகள் ஏமாந்துபோனார்கள். அதைத் தடுக்கத்தானே இந்த ஊசி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது எனக்கு அந்த ஊசி அசையாமல் நிற்பதுதான் பயம். அசையாத ஊசியை எவன் சந்தேகப்படுவான்?

இதில் என் கையெழுத்து சின்ன விஷயம். துளையிடும் ரிக்குகளில் பல இடம் மாறுகிறவை. இழுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் நிறுத்தியபிறகும் பட்டியலில் பழைய இடமே இருந்தால், போன மாதம் ரிக் நின்ற இடத்துக்கு நம்மை மிக அழகாகக் கொண்டுபோய்விடும். ஹெலிகாப்டர் எங்கே என்று செயற்கைக்கோளுக்குத் தெரியும், ரிக் எங்கே என்று தெரியாது. அது ரேடாருக்குத்தான் தெரியும். கிழட்டு ரேடாரைக் கழற்றி எறியலாம் என்று உன்னிடம் எழுதியவன் நான்தான். அந்த வரியை அடித்துவிடு.

வியாழனன்று கூட்டத்தில் எழுந்து நின்று தாளைக் காட்டினேன். ரேடாரின் பொட்டும் நாங்கள் போட்ட இலக்கும் ஒத்துப்போகிறதா என்று இறக்கம் தொடங்குமுன்பே பார்க்க வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் இறங்கவே கூடாது என்றேன். கப்பல்கள் தங்கள் இடத்தைத் தாங்களே அறிவிக்கும் ஏஐஎஸ்ஸைத் தளங்களிலும் வைத்து, அதையும் திரையில் சேர்க்கலாம் என்றும் சொன்னேன். தலைவர் ஒன்றும் சொல்லாமல் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது எட்டுதானே?" என்றார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி பறக்கிறோம். எண்களை அச்சடித்துத்தான் தருவார்களாம், நான் பேனா தொடக் கூடாதாம்.

அந்த ரெக்கார்ட் நோட்டு உன்னிடம் இன்னும் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. சுந்தரியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி