பாரிஸ் போறவங்க கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல பாரிஸ் பத்தி போட்ருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஈபிள் டவர விட்டா அங்க வேற ஒண்ணுமே இல்லாத மாதிரில்ல எழுதிட்டீங்க. நம்ம புதுச்சேரில நிறைய பேருக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்க, லீவுக்கு போறவங்க லூவ்ர் மியூசியம் செவ்வாக்கிழமை மூடியிருக்கும், ஓர்சே மியூசியம் திங்கக்கிழமை மூடியிருக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க. 2019ல தீப்பிடிச்ச நோத்ர்தாம் மாதா கோயில 2024 டிசம்பர்ல திறந்தாச்சு, உள்ள போக காசு கிடையாது. லா ஷப்பல்ங்கிற ஏரியா பக்கம் கட்டாயம் போங்க, ஈழத்து ஆளுங்க கடைதான் வரிசையா, அதுலயும் ஆகஸ்ட் கடைசி வாக்குல பிள்ளையார் தேர் வரும்போது நடு ரோட்ல தேங்காய குவிச்சு மஞ்ச பூசி, கற்பூரம் ஏத்தி, சடசடன்னு உடைப்பாங்க பாருங்க (வெள்ளக்காரங்க செல்போனோட சுத்தி நிப்பாங்க), டவர் க்யூவுல கால்கடுக்க நிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி